நீண்ட மெடிக்கல் லீவு முடிந்து திரும்பும்போது கம்பெனி டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாக மெடிக்கல் லீவில் இருக்கிறீர்கள். வேலை கிடங்கில், சரக்கு ஏற்றி இறக்குவது. ஆபரேஷன் செய்த டாக்டர் “இனி வேலைக்குப் போகலாம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் எச்.ஆர்., கம்பெனி டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டும் என்கிறது. போகத்தான் வேண்டுமா, போனால் எல்லா விவரமும் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் “எப்படியாவது என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களோ” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் தொழில்சார் மருத்துவத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். நீண்ட லீவு முடிந்து வருகிறவர்களில் பலர் இந்தப் பயத்தோடுதான் என் அறைக்குள் வருகிறார்கள். கக்கத்தில் ஸ்கேன் கவர் இருக்கும். உட்காருவதற்கு முன்பே “நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்” என்பார்கள். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல உடம்பை இறக்குகிற விதத்திலேயே இன்னும் வலி இருக்கிறது என்று தெரிந்துவிடும். வலியை மறைக்க வேண்டிய இடம் இது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வருவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். மறைத்தால் நான் எழுதித் தரக்கூடிய பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

கம்பெனி டாக்டரின் வேலை என்ன என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 161ஆவது உடன்படிக்கை, 1985இல் வந்தது, தொழில்சார் சுகாதார சேவைகளுக்காகவே எழுதப்பட்டது. ஊழியர்கள் நோய்வாய்ப்படுவதையும் அதனால் லீவு எடுப்பதையும் இந்தச் சேவைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 15ஆவது பிரிவு. நோய்க்கும் வேலையிடத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்ப்பதற்காக இந்த ஏற்பாடு. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: லீவு போட்ட காரணம் உண்மைதானா என்று சரிபார்த்துத் தரும்படி அந்த டாக்டரையோ நர்ஸையோ முதலாளி கேட்கக் கூடாது. 10ஆவது பிரிவு, அவர்கள் முதலாளிக்கும் கட்டுப்படாமல் தொழிலாளிக்கும் கட்டுப்படாமல் தங்கள் தொழிலைச் செய்ய முழுச் சுதந்திரம் வேண்டும் என்கிறது. 12ஆவது பிரிவின்படி, வேலை தொடர்பான உடல்நலக் கண்காணிப்புக்குத் தொழிலாளி பணம் கட்ட வேண்டியதில்லை, அதனால் அவர் சம்பளமும் குறையக் கூடாது, முடிந்தவரை அது வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும்.

இந்த உடன்படிக்கை அதை ஏற்று உறுதி செய்த நாடுகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பல நாடுகள் இன்னும் ஏற்கவில்லை. நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. அதனால் உங்கள் ஊர்ச் சட்டம் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாகத்தின் கைப்பாவையாக நடந்துகொள்ளும் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் இந்தத் தொழிலின் அளவுகோல் என்ன என்று தெரிந்து வைத்திருந்தால், உங்கள் எதிரே இருப்பவர் அதிலிருந்து விலகும்போது உங்களுக்குப் புரியும். தட்டிக் கேட்கவும் முடியும்.

அடுத்து, ரகசியம். டாக்டரிடம் நீங்கள் சொல்வது வேறு, டாக்டர் எச்.ஆருக்கு எழுதுவது வேறு. தொழில்சார் சுகாதாரத்துக்கான சர்வதேச ஆணையம் 1906இல் மிலானில் தொடங்கியது. அதன் நெறிமுறைகள் இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் படித்து வளர்ந்தவை. குறிப்பிட்ட வேலைக்கு இவர் தகுதியானவரா, ஏதாவது கட்டுப்பாடு தேவையா என்பதை மட்டும்தான் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன அவை. நோயின் பெயர் போக வேண்டியதில்லை. நெதர்லாந்தில் இன்னும் கண்டிப்பு: லீவில் இருப்பவருக்கு என்ன நோய், எதனால் வந்தது என்று முதலாளி கேட்கவே கூடாது. கம்பெனி டாக்டர் கேட்கலாம், ஆனால் முதலாளியிடம் சொல்லக் கூடாது.

உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் எழுதும் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: “இவர் இந்தத் தேதி முதல் பணியில் சேரலாம். முதல் இரண்டு வாரம் அரை நாள், அடுத்த இரண்டு வாரம் ஆறு மணி நேரம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தரைமட்டத்திலிருந்து எடுப்பதும், சுமையோடு இடுப்பைத் திருப்புவதும் வேண்டாம். ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவோ உட்காரவோ வைக்க வேண்டாம். இப்போதைக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வேண்டாம். நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனை.” அவ்வளவுதான். டிஸ்க், நரம்பு, மாத்திரையின் பெயர், ஸ்கேன் அறிக்கை எதுவும் இதில் இல்லை. (இந்த எடையும் நேரமும் உதாரணத்துக்கு எழுதியவை. உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கான அளவைச் சொல்ல முடியாது.) கடிதம் எச்.ஆருக்குப் போகும் முன் நான் படித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் அவராகவே திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

ஃபோர்க்லிஃப்ட்டை ஏன் குறிப்பிட்டேன் என்றால், நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபலின், வலிக்குக் கொடுக்கும் டிரமடோல் போன்ற மருந்துகள் தூக்கக் கலக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரலாம். இதைக் கம்பெனி டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரகசியத்துக்கு எல்லை உண்டு. பெரும்பாலும் அது பிறர் உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில்தான் முடிகிறது. வண்டி ஓட்டுகிறவர், கிரேன் இயக்குகிறவர், உயரத்தில் வேலை செய்கிறவர் போன்றவர்களுக்குப் பல நாடுகளில் தனி விதிகள் இருக்கின்றன. சில தொழில்சார் நோய்களை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்றும் இருக்கும். அப்படிப்பட்ட நிலையிலும் டாக்டர் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சரி, போகாமல் இருந்துவிட்டால்? ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ (நிறுவனத்தின் எழுதப்பட்ட வேலை விதிகள்) இதை எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. அங்கே மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வரை போகலாம். எழுதாத இடத்திலும் போவதே மேல் என்பேன். நீங்கள் போகாவிட்டால், உங்கள் முதுகைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கையில் இருக்கும் காகிதங்களை வைத்து முடிவெடுப்பார். “வேலைக்குப் போகலாம்” என்ற ஒற்றை வரி அவரிடம் இருந்தால், முதல் நாளே முழுச் சுமையும் உங்கள் தலையில்தான்.

அந்த ஒற்றை வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். ஆபரேஷன் செய்த டாக்டர் உங்கள் முதுகை அறிவார், உங்கள் வேலையை அறிய மாட்டார். “கிடங்கில் வேலை” என்று சொல்லியிருப்பீர்கள். அவர் கணக்கெடுக்கும் வேலை என்று நினைத்திருக்கலாம். அட்டைப்பெட்டி எத்தனை கிலோ, அதை இடுப்பு உயரத்திலிருந்து எடுக்கிறீர்களா, தரையில் கிடக்கும் பலகையிலிருந்து குனிந்து எடுக்கிறீர்களா, எடுத்ததும் நேராக வைக்கிறீர்களா, திரும்பி பின்னால் வைக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டாரா? ஒரே பெட்டிதான், ஆனால் உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்குவதை விட, குனிந்து கையை நீட்டித் தூக்கும்போது கீழ் முதுகில் விழும் பாரம் மிக அதிகம். அதோடு திருப்பமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கம்பெனி டாக்டர் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால், நீங்கள் வேலை செய்யும் இடத்தை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நேரில் பார்ப்பதற்கு மதிப்பு உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பத்ரிக் லுவாசெல் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் புகழ்பெற்றது. முதுகுவலியால் நான்கு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராதவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலக் குழுக்களாகப் பிரித்தார்கள். சிகிச்சையோடு வேலையிட ஆய்வையும், அதில் தொழிலாளி, மேற்பார்வையாளர் எல்லோரையும் உட்கார வைத்துச் செய்த மாற்றங்களையும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட 2.4 மடங்கு வேகமாகப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்.

“முழுக்க குணமான பிறகு போனால் போதும்” என்று வீட்டில் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் முதுகு விஷயத்தில் அது பெரும்பாலும் சரியில்லை. படுத்துக்கொண்டே இருந்தால் தசை தளர்கிறது, குனியவே பயம் வந்துவிடுகிறது. “அசைந்தால் ஏதாவது ஆகிவிடும்” என்ற அந்தப் பயம், நீண்ட நாள் வேலைக்குத் திரும்பாமல் போவதற்கு ஒரு வலுவான முன்னறிகுறி. பின்லாந்தில் தசை, மூட்டு வலிக்காரர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஒரு ஆய்வில், முழு லீவுக்குப் பதில் பகுதி நேர லீவு (குறைந்த நேரம் வேலை, மீதி நேரம் லீவு) கொடுக்கப்பட்டவர்கள் வழக்கமான வேலைக்கு நிலையாகத் திரும்ப ஆன காலம் இடைநிலை மதிப்பில் (பாதிப் பேர் அதற்குள் திரும்பிய கணக்கு) 12 நாள். முழு லீவில் இருந்தவர்களுக்கு 20 நாள். சிறிய ஆய்வுதான், அதுவும் ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றியதல்ல. அதனால் அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் வலி கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, குறைந்த நேரத்தில், மாற்றிய வேலையில் தொடங்கலாம் என்பது இன்று இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை.

இதைச் சாக்காக வைத்து, உடம்பு முடியாத ஒருவரை இழுத்து வந்து முழு வேலை வாங்குவதும் நடக்கிறது. அது தவறு. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில் 2005இல் வெளிவந்த ஒரு முடிவு: உடல்நலம் குன்றியிருந்தும் மூன்று வருடம் ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஆண்களுக்கு, அதே நிலையில் அளவாக லீவு எடுத்தவர்களை விட, கடுமையான இதய பாதிப்பு இரண்டு மடங்கு வந்தது. லீவு எடுக்காததுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனாலும் நோயைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதைப் பெருமையாக நினைக்கிறவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு.

லீவு விதிகளில் பலரும் மூன்று விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்: எத்தனை நாள் லீவு, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, வேலை பத்திரமா. மூன்றுக்கும் விதி தனித்தனி. லீவு தீர்ந்து லாஸ் ஆஃப் பே ஆகிவிட்டதாலேயே வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை (1982), நோயாலோ காயத்தாலோ தற்காலிகமாக வராமல் இருப்பது வேலையை விட்டு நீக்கச் சரியான காரணம் ஆகாது என்கிறது. தற்காலிகம் என்றால் எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாடும் வகுத்துக்கொள்ளும். பண விஷயத்தில், 1952இன் 102ஆவது உடன்படிக்கை பழைய சம்பளத்தில் 45 சதவீதத்தை 26 வாரத்துக்கும், 1969இன் 130ஆவது உடன்படிக்கை 60 சதவீதத்தை 52 வாரத்துக்கும் குறைந்தபட்சமாக வைத்தன. முதல் மூன்று நாள் பணம் தராமல் இருக்க இரண்டிலும் இடம் உண்டு. நடைமுறையில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரிது. ஜெர்மனியில் முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தருகிறார். பிறகு காப்பீட்டு நிதியிலிருந்து, ஒரே நோய்க்கு மூன்று வருடத்தில் அந்த ஆறு வாரத்தையும் சேர்த்து 78 வாரம் வரை, மொத்தச் சம்பளத்தின் 70 சதவீதம் வருகிறது. நெதர்லாந்தில் முதலாளியே இரண்டு வருடம் வரை குறைந்தது 70 சதவீதம் தர வேண்டும்.

இந்த இரு நாடுகளிலும் எனக்குப் பிடித்தது பணத்தை விட, திரும்புதலைச் சீக்கிரமே பேசச் சொல்லும் கட்டாயம்தான். நெதர்லாந்தில் ஆறாவது வாரத்தில் கம்பெனி டாக்டரின் மதிப்பீடு, எட்டாவது வாரத்துக்குள் எழுத்தில் ஒரு திட்டம். ஜெர்மனியில் பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் ஒருவர் வராமல் இருந்தால், திரும்புவதற்கான பேச்சைத் தொடங்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அதில் சேர்வது ஊழியரின் விருப்பம். உங்கள் நிறுவனம் மூன்று மாதம் கழித்துத்தான் கூப்பிட்டிருக்கிறது. தாமதம்தான், ஆனால் கெட்டுப்போகவில்லை.

படிப்படியான திரும்புதலைத் திட்டமிடும்போது ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்டும் வாரத்தில் சுமையைக் கூட்டக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கூட்டி வலி வந்தால், எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி வேண்டும். தேதி போடாத “லைட் டியூட்டி” ஒன்று முடிவே இல்லாமல் நீளும், இல்லாவிட்டால் முதல் அவசர ஆர்டர் வந்ததும் காணாமல் போகும். குறைந்த நேரம் வேலை செய்யும் வாரங்களில் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பலருக்குச் சண்டை வருவது இங்கேதான், மருத்துவத்தில் இல்லை.

திட்டம் உடைவது பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வாரத்தில். முதல் வாரம் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். அப்புறம் ஷிப்ட் சூப்பர்வைசர் மாறுவார். புதியவருக்குக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆள் குறைவாக இருக்கும் ஒரு நாளில் “இந்த ஒரு லோடு மட்டும் ஒரு கை கொடுப்பா” என்பார். நமக்கும் மறுக்கக் கூச்சமாக இருக்கும், கூட வேலை செய்கிறவர்கள் நம் சுமையையும் சேர்த்துத் தூக்குகிறார்களே என்று மனசு உறுத்தும். அதனால் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். உங்கள் இடத்துக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதை உங்கள் சகாக்களின் தலையில் கட்டினால் அவர்களின் கோபம் உங்கள் மீதுதான் திரும்பும் என்பதை எச்.ஆரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

மனச்சோர்வு, புற்றுநோய் சிகிச்சை போன்ற காரணங்களால் லீவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: முதுகுவலிக்குச் சொன்ன வேகம் உங்களுக்குப் பொருந்தாது. புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகான களைப்பு மாதக் கணக்கில் நீடிக்கலாம். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் எழவே முடியாது. அங்கே நேரத்தை வளைத்துக்கொள்ளும் சுதந்திரம்தான் பெரிய உதவி. மனச்சோர்வில், சிகிச்சையோடு வேலையிலும் மாற்றம் செய்தால் லீவு நாட்கள் குறைய வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. எந்த மாற்றம், எவ்வளவு காலம் என்பதில் ஆதாரம் இன்னும் மெலிதாகத்தான் இருக்கிறது. நைட் ஷிப்டைத் தவிர்ப்பது மட்டும் விதிவிலக்கு: வலிப்பு நோயும் இருமுனை மனநோயும் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது நோயைத் தூண்டும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

இனி உங்கள் பயத்துக்கு. கம்பெனி டாக்டர் “தகுதி இல்லை” என்று எழுதிவிட்டால்? முதலில் எந்த வேலைக்கு, எதுவரை என்று கேளுங்கள். “தற்போது சுமை தூக்கும் வேலைக்குத் தகுதி இல்லை” என்பதும் “இவர் எந்த வேலைக்கும் ஆக மாட்டார்” என்பதும் ஒன்றல்ல. தேதியும் வேலையின் பெயரும் இல்லாத “தகுதி இல்லை” ஒரு அரைகுறை அறிக்கை. அதை முழுமையாக்கித் தரும்படி கேட்கலாம், வேறு டாக்டரின் கருத்தும் வாங்கலாம். குறைபாடு நிரந்தரமாகிவிட்டால், 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆவது பிரிவைப் பாருங்கள். நியாயமான வேலையிட மாற்றங்களைச் செய்து தருவதும், வேலையைத் தக்கவைக்கவும் வேலைக்குத் திரும்பவும் உதவும் திட்டங்களை வளர்ப்பதும் அதில் அரசுகளின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. மாற்றமே செய்ய முடியாது என்று நிறுவனம் சொன்னால், எதை யோசித்துப் பார்த்தார்கள், ஏன் முடியவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலோடு தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலையோ பாருங்கள். அதற்கு மேல் சட்டம் பேச நான் தகுதியானவன் இல்லை.

கம்பெனி டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆபரேஷன் குறிப்பு, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பிசியோதெரபிஸ்ட் கொடுத்த தாள், ஒரு நாளில் நீங்கள் என்னென்ன தூக்குகிறீர்கள் என்று உங்கள் கையால் எழுதிய அரைப் பக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அந்த அரைப் பக்கம்தான் அவருக்கு அதிகம் உதவும். இடையில் எப்போதாவது காலில் புதிதாகப் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் அல்லது அடக்க முடியாமல் ஆனாலோ, கம்பெனி டாக்டர், எச்.ஆர். எதற்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, அது நடு இரவானாலும், ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.